எழுத்து யாருக்கு? இணைய அணுகுநெறிகள் குறித்து ஒரு திறனாய்வு

'இணைய உள்ளடக்க அணுகுநெறிகள்' என்னும் பெயரால் வழங்கும் ஆவணம் இறையியல் இதழொன்றில் திறனாய்வுக்கு உரியதுதானா என்று வாசகர் சிலர் ஐயுறலாம். அது பொறியாளர் பொறியாளருக்காக எழுதியது. வரிசை எண்ணிட்ட விதிகளால் ஆனது. நடையழகு எதுவும் அதில் இல்லை. ஆயினும், வாசகர் என்று நாம் சொல்லும்போது யாரை மனத்தில் கொள்கிறோம், யாரை எண்ணாமலே விட்டுவிடுகிறோம் என்னும் வினாவை அந்த ஆவணம் தன் ஒவ்வொரு விதியிலும் எழுப்புகிறது. வேதத்தை ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் தாமே வாசிக்கவேண்டும் என்னும் கொள்கையின்மேல் எழுந்த திருச்சபைகள் இவ்வினாவைப் பிறருடையது என்று ஒதுக்கிவிட இயலாது.

விதிநூல் ஒன்றை வெற்றிடத்தில் வைத்து வாசிப்பதைக் காட்டிலும் ஓர் ஊரில் நின்று வாசிப்பது நலம். நாம் ஆழ்வார்குறிச்சியில் நின்று வாசிப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடனாநதி பாயும் வயல்வெளிகளின் நடுவே அமைந்த ஊர் இது. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அம்பாசமுத்திரத்தைக் கடந்து வருவது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியால் சுற்றுவட்டாரத்து மாணவர்க்கு அறிமுகமானது. இவ்வூருக்குக் கிழக்கே பாளையங்கோட்டையும் வடக்கே ஆய்க்குடியும் உள்ளன. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்விரண்டு ஊர்களும் இன்றியமையாதவை. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆவணமும் அதன் தகுதியும்

டிம் பெர்னர்ஸ்-லீ 1994ஆம் ஆண்டு நிறுவிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, உடற்குறை உடையோர் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான முயற்சியை 1997இல் தொடங்கிற்று. அதன் பயனாக அணுகுநெறிகளின் முதற்பதிப்பு 1999 மே மாதம் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரிலும், அதன் திருத்தங்கள் 2018 ஜூனிலும் 2023 அக்டோபரிலும் வந்தன. 2023இன் வடிவில் 86 அளவைகள் உள்ளன. இவை யாவும் நான்கு கோட்பாடுகளின்கீழ் அடங்கும்: இணையப் பக்கம் உணரத்தக்கதாய் இருக்கவேண்டும், இயக்கத்தக்கதாய் இருக்கவேண்டும், புரிந்துகொள்ளத்தக்கதாய் இருக்கவேண்டும், எக்கருவியோடும் இணங்கி நிற்கும் உறுதி உடையதாய் இருக்கவேண்டும்.

விதிகள் எத்தகையவை என்பதற்குச் சில சான்றுகள் போதும். படத்திற்கு ஈடான சொல்விளக்கம் தரவேண்டும். எழுத்தின் நிறத்திற்கும் பின்புலத்தின் நிறத்திற்கும் உள்ள ஒளி வேறுபாடு, சாதாரண எழுத்துக்கு, 4.5க்கு 1 என்னும் விகிதத்திற்குக் குறையலாகாது. சுட்டெலியைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகை கொண்டே எல்லாவற்றையும் செய்ய வழி இருக்கவேண்டும். வலிப்பு நோயுள்ளவருக்குத் தீங்கு நேராதபடி, ஒரு நொடியில் மூன்று முறைக்குமேல் எதுவும் பளிச்சிடலாகாது. பதிவுசெய்த காணொளியில் பேசப்படுவது எழுத்தாகவும் தோன்றவேண்டும்.

இந்நூலின் தலையாய சிறப்பு எது என்று கேட்டால், அது மனிதரின் உடலைப் பற்றிப் பேசாமல் பக்கத்தைப் பற்றிப் பேசுவதே என்று சொல்வோம். பார்வையற்றவர் பக்கத்தை வாசிக்க முடியவில்லையெனில், உலகம் அவர் கண்ணில் குறை காண்கிறது. இவ்வாவணமோ பக்கத்தில் குறை காண்கிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் யார் செய்த பாவம் என்று வினவியதும், கர்த்தர் அவ்வினாவையே மறுத்ததும் நாம் அறிந்தவை (யோவான் 9:2, 3). காரணத்தை அம்மனிதனிடத்தில் தேடும் பழக்கம் பாவக் கணக்கு என்னும் உருவில் மட்டும் வருவதில்லை. 'பாவம், அவரால் முடியாது' என்னும் இரக்கச் சொல்லிலும் அது ஒளிந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டளவில் 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை ஆட்சிமொழியில் ஏற்றது. சொல் மாறியது நன்று. ஆயின் பெயரை உயர்த்திவிட்டுப் படியை உயரமாகவே விட்டுவைத்தால், மாறியது நம் நாவு மட்டுமே. அணுகுநெறிகள் படியை அளக்கின்றன; அதனால் அவை மதிப்புக்குரியவை.

இவ்வட்டாரத்தின் முன்வரலாறு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கிற்கு இப்பொருள் புதியதன்று. ஆஸ்க்வித் அம்மையார் 1890ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குக் கல்வி கற்பிக்கும் பணியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் அவ்வூரிலேயே செவித்திறன் அற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இவ்விரு பணிகளும் இன்றும் தொடர்கின்றன. எழுத்தறிவே அரிதாயிருந்த காலத்தில், கண்ணற்ற பிள்ளைக்கும் எழுத்து உரியது என்று எண்ணியது சிறு செயலன்று. மடல் வந்தால் உபதேசியாரிடமோ தபால்காரரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில், தன் விரல் நுனியால் தானே வாசிக்கும் சிறுவன் ஒரு புதுமையாயிருந்திருப்பான்.

அந்த விரல் எழுத்தின் வரலாறும் நமக்குப் பாடமாகும். லூயி பிரெயில் பிரெஞ்சு மொழிக்கு அமைத்த ஆறு புள்ளி முறை இந்தியாவுக்கு வந்தபோது, மொழிக்கொரு முறையும் பள்ளிக்கொரு முறையுமாகப் பிரிந்தது. ஓரிடத்தில் கற்றவர் மற்றோரிடத்து நூலை வாசிக்க இயலாத நிலை ஏற்பட்டது. விடுதலைக்குப் பின்னர், 1951ஆம் ஆண்டில், இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன்பின்னரே ஒரு நூலை ஒருமுறை புள்ளியிட்டால் எல்லாப் பள்ளிகளிலும் பயன்படும் என்னும் நிலை உருவாயிற்று. ஒரே மக்களுக்குப் பல குறியீடுகள் இருந்தால் அவர்கள் நூலகத்தை இழப்பார்கள் என்பதே அவ்வரலாறு கற்பிக்கும் பாடம். இதை மனத்தில் இருத்திக்கொள்வோம், விரைவில் தேவைப்படும்.

ஆய்க்குடியின் கதை வேறு வகையானது. கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது 1975ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக்கீழ் உடல் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், உலக உடற்குறை உடையோர் ஆண்டாகிய 1981இல் தம் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். பாளையங்கோட்டையில் உடற்குறை உடையோருக்காகப் பிறர் தொடங்கிய பணியைக் காண்கிறோம்; ஆய்க்குடியில் உடற்குறை உடையவரே நிறுவி நடத்திய பணியைக் காண்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு ஊர்த்தொலைவு மட்டுமன்று; நூறாண்டுக் காலம் எண்ணத்தில் நடந்த பயணமும் ஆகும். அணுகுநெறிகளைத் திறனாயும்போது இவ்விரண்டாம் நோக்கையே அளவுகோலாகக் கொள்கிறோம்: இவ்விதிகள் மனிதரைப் பிறர் கையிலிருந்து விடுவிக்கின்றனவா?

எழுத்து: ஒலியா, வடிவா?

ஆழ்வார்குறிச்சியில் கல்லூரிக்குச் செல்லும் பார்வையற்ற மாணவர் ஒருவரை எண்ணிப்பார்ப்போம். அவர் கணிப்பொறியைத் திரைவாசிப்பான் என்னும் நிரலின் துணையால் பயன்படுத்துவார். திரையில் உள்ள எழுத்தை அந்நிரல் குரலாக மாற்றி ஒலிக்கும். பிரெயில் கருவி இருந்தால் புள்ளிகளாகவும் எழுப்பும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. கைப்பேசிகளிலும் இத்தகைய வசதி உண்டு. ஆகவே கருவி இல்லை என்று சொல்வதற்கில்லை.

இம்மாணவர் தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திறக்கிறார். திரையைப் பார்ப்பவருக்கு அங்கே 'தமிழ்' என்னும் சொல் அழகாகத் தெரிகிறது. அவர் செவியிலோ 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்னும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் விழுகின்றன. காரணம் என்ன? பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தவை. கணிப்பொறியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்தே. தமிழ் என்பது அதன்மேல் போர்த்திய உருவம். கண் உருவத்தைக் காண்கிறது. திரைவாசிப்பான் உள்ளிருப்பதை வாசிக்கிறது.

தமிழ்க் கணிமையின் முதல் இருபது ஆண்டுகளில் இத்தகைய எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தன் போக்கில் இடம் வகுத்துக்கொண்டது. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் பொது அளவை வகுத்தது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு யூனிக்கோடு முறையைத் தன் அலுவல்களுக்கு ஏற்றது. ஆயினும் அச்சகங்களிலும் பக்க வடிவமைப்பு நிலையங்களிலும் பழைய எழுத்துருக்கள் முற்றும் மறையவில்லை. பிரெயில் முறைகள் 1951க்கு முன் பிரிந்துகிடந்த அதே நிலை, கண்ணுள்ளோர் கையால் மறுபடியும் உண்டாக்கப்பட்டது. முன்னது வறுமையாலும் தொலைவாலும் நேர்ந்தது. பின்னது, கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்னும் நினைப்பால் நேர்ந்தது.

இங்கே தமிழ் இலக்கண மரபு நமக்குக் கைகொடுக்கிறது. எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என்னும் இரண்டையும் நம் இலக்கணிகள் கண்டனர். ஒலியையே முதன்மையாகக் கொண்டனர். 'கெ' என்று எழுதும்போது கை முதலில் கொம்பை இடுகிறது, பின்னரே ககரத்தை எழுதுகிறது. ஒலிப்பில் மெய் முன்னதாகவும் உயிர் பின்னதாகவும் நிற்கின்றன. பழைய எழுத்துருக்கள் கைவரிசையைப் பின்பற்றிக் கொம்பை முதலில் பதித்தன. யூனிக்கோடு ஒலிவரிசையைப் பின்பற்றி மெய்யை முதலில் சேமிக்கிறது. பாரதி பிரெயிலும் அவ்வாறே மெய்க்குப்பின் உயிரை இடுகிறது. விரலால் வாசிப்பவரும் செவியால் வாசிப்பவரும் இலக்கணம் சொல்லும் எழுத்துக்கு நம்மினும் நெருங்கி நிற்கிறார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. அவர்களுக்காக எழுத்தை ஒழுங்குபடுத்துவது தமிழுக்குச் செய்யும் சலுகையன்று. தமிழ் எழுத்தை அதன் இயல்பில் வைப்பதாகும்.

இனி ஆவணத்திற்கு வருவோம். எழுத்துரை என்பது கருவியால் பிரித்தறியத்தக்க, மனித மொழியில் ஒன்றைச் சொல்லும் எழுத்துகளின் தொடர் என்பது அணுகுநெறிகளின் வரையறை. அவ்வரையறையின்படி பழைய எழுத்துருவில் அமைந்த பக்கம் எழுத்துரையே அன்று. பொருள் சரியானதுதான். ஆயினும் இவ்வளவு பெரிய செய்தி ஒரு சொற்பொருள் விளக்கத்துக்குள் அடங்கிக்கிடக்கிறது. தம் எழுத்துச் சிக்கலை முன்பே தீர்த்துக்கொண்ட மொழிகளில் இருந்து எழுதியோர்க்கு அது விரித்துரைக்க வேண்டாததாகத் தோன்றியிருக்கலாம். தமிழ் வாசகருக்கு அதுவே முதற்படி. மேலும், பக்கம் எம்மொழியில் உள்ளது என்பதைக் கணிப்பொறிக்கு அறிவிக்கவேண்டும் என்னும் விதி அடிப்படை நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலால் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும். ஒரு வரியில் திருத்தத்தக்க இப்பிழை ஒருவரின் வாசிப்பு முழுவதையும் கெடுக்கவல்லது.

படிநிலைகளில் மறைந்தவர்கள்

அணுகுநெறிகள் தம் அளவைகளை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றன. முதல் நிலை இன்றியமையாதது. இரண்டாம் நிலை பெரும்பாலான அரசுகள் சட்டத்தில் கேட்பது. மூன்றாம் நிலை மிக உயர்ந்தது. ஒரு தளம் முழுவதற்கும் மூன்றாம் நிலையைப் பொதுக்கொள்கையாக வற்புறுத்த வேண்டாம் என்று ஆவணமே கூறுகிறது. சில உள்ளடக்கங்களுக்கு அது இயலாது என்பது அதன் காரணம். நேர்மையான கூற்றே. ஆனால் மூன்றாம் நிலையில் எவை வைக்கப்பட்டுள்ளன என்று பார்க்கவேண்டும்.

காணொளிக்குச் சைகைமொழிப் பெயர்ப்பு அங்கே உள்ளது. இடைநிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளை முடித்தவர் புரிந்துகொள்ளும் அளவுக்கு எளிய நடை, அல்லது அத்தகைய சுருக்கம், அங்கே உள்ளது. அஃதாவது, சைகையையே தாய்மொழியாகக் கொண்டவரும் அறிவு வளர்ச்சியில் தடை உடையவரும் பெரும்பாலும் யாரும் ஏறாத படியில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். செவித்திறன் அற்றவருக்கு எழுத்துத் தொடர் போதும் என்பது கேட்பவரின் நினைப்பு. பிறவியிலேயே செவி கேளாதவர் பலருக்குச் சைகையே முதல் மொழி; எழுத்துத் தமிழ் கற்றுப் பெற்ற இரண்டாம் மொழி. ஸ்வெயின்சன் அம்மையாரின் பள்ளியை உடைய வட்டாரத்திற்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் அமைந்ததும், அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டதும் அது முழுமையான மொழி என்பதற்குச் சான்றுகள். இரண்டாம் நிலையை அடைந்தவுடன் 'எங்கள் தளம் யாவர்க்கும் உரியது' என்று அறிவிப்பவர், அந்த 'யாவர்' என்னும் சொல்லில் யார் இல்லை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

மற்றொரு குறையும் உண்டு. ஒருவர் தனியே ஒரு கருவியின்முன் அமர்ந்திருக்கிறார் என்று ஆவணம் கொள்கிறது. நம் சிற்றூர்களில் நிலை அவ்வாறன்று. மாற்றுத்திறனாளிக்குரிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும், உதவித்தொகை பெறவும், கல்விக்கட்டணம் செலுத்தவும் பலர் இ-சேவை மையத்தையோ கணிப்பொறிக் கடையையோ நாடுகிறார்கள். அங்கே கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும், நோயின் விவரமும் பிறர் காதுக்கும் கைக்கும் போகின்றன. உபதேசியாரிடம் மடலைக் கொடுத்து வாசிக்கக் கேட்ட காலம் புதிய உருவில் திரும்பிவந்திருக்கிறது. அங்கே உதவுபவர் நல்லவராகவே இருக்கலாம். பெரும்பாலும் அவ்வாறே இருக்கிறார். ஆனால் நல்லவரைச் சார்ந்து நிற்பதும் சார்ந்து நிற்பதே. பக்கம் நெறிப்படி அமைந்தால் இச்சார்பு குறையும், முற்றும் நீங்காது. இவ்வெல்லையை அணுகுநெறிகளின் பெயரால் நாம் மறந்துவிடலாகாது.

சட்டத்தின் குரல்

இந்தியா ஐக்கிய நாடுகளின் உடற்குறை உடையோர் உரிமை ஒப்பந்தத்தை 2007இல் ஏற்றது. அதைத் தழுவிய 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டம் கண்ட 7 வகைக் குறைபாடுகளை 21ஆக விரித்தது. ஒலி, அச்சு, மின்னணு ஆகிய எவ்வகை ஊடகத்தின் உள்ளடக்கமும் அணுகத்தக்கதாய் இருக்க அரசு வழிசெய்யவேண்டும் என்று அதன் 42ஆம் பிரிவு கட்டளையிட்டது. ஆயினும் அதன்கீழ் எழுந்த விதிகள் பரிந்துரையளவில் நின்றன. இராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டளையிட்டதை விதி வெறும் அறிவுரையாக்கக் கூடாது என்று கூறி அவ்விதியைச் சட்டத்திற்கு முரணானதாகக் கண்டது. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அந்நீதிமன்றம் உரைத்தது.

பின்னைய வழக்கின் தோற்றம் நினைவில் வைக்கத்தக்கது. அமிலவீச்சால் முகமும் கண்ணும் சிதைந்த ஒருவர் வங்கிக் கணக்குத் தொடங்க முயன்றபோது, உயிருள்ளவர் என்று மெய்ப்பிக்கக் கண் சிமிட்டும்படி கேட்கப்பட்டார். சிமிட்ட அவரால் இயலவில்லை. தீங்கிழைத்தவனின் கொடுமை ஒருபுறம் இருக்க, யாரையும் புண்படுத்தும் எண்ணமே இல்லாத ஒரு பொறிமுறை அவரை உயிருள்ளோர் வரிசையிலிருந்து நீக்கிற்று. குருடனுக்குமுன் தடுக்கல் வைப்பதை விலக்கும் கட்டளையை (லேவி. 19:14) நாம் தீய எண்ணத்தோடு வைக்கும் கல்லுக்கு மட்டும் பொருத்தி வாசித்து வந்திருக்கிறோம். எண்ணிப்பாராமல் வைக்கப்பட்ட கல்லிலும் கால் இடறத்தான் செய்யும்.

சில மறுப்புரைகள்

'இத்தகையோர் மிகச் சிலரே. அவர்களுக்காக இவ்வளவு உழைப்பா?' என்பது முதல் மறுப்பு. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறை உடையோர் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம். முதுமையால் கண் மங்கியவரையும் கை நடுங்குவோரையும் சேர்த்தால் தொகை இன்னும் பெருகும். ஆனால் தொகையைக் கொண்டு வாதாடுவதை நாம் விரும்பவில்லை. நூறு ஆடுகளில் ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையைப் பிரசங்கிக்கும் ஊழியர், தொகை சிறிதென்று ஒருவரை விட்டுவிட இயலாது.

'இனி செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிடும்' என்பது இரண்டாம் மறுப்பு. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கவும் காட்சியை விவரிக்கவும் வல்ல நிரல்கள் வந்துள்ளன என்பது உண்மை. பார்வையற்றோர் பலர் அவற்றால் பயன்பெறுகிறார்கள். ஆயினும் அவை ஊகித்துச் சொல்பவை. திருமறை வசனத்திலோ மருந்தின் அளவிலோ தேர்வு வினாவிலோ ஒரு சொல் பிறழ்ந்தால், பிறழ்ந்ததை அறிய வாசகருக்கு வழியில்லை. எழுதியவர் தெளிவாகத் தரக்கூடியதை வாசிப்பவர் ஊகத்தால் பெறவேண்டும் என்பது நீதியன்று. தளத்தின்மேல் ஒரு நிரல்துண்டை ஒட்டிவிட்டால் எல்லா நெறிகளும் நிறைவேறும் என்று விளம்பரம் செய்த அக்செஸிபீ என்னும் நிறுவனத்தின்மீது, அக்கூற்றுக்குச் சான்றில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025ஆம் ஆண்டு நடவடிக்கை எடுத்து 10 இலட்சம் டாலர் செலுத்தச் செய்தது. பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை ஒட்டுவதன் பயனை நம் வாசகர் அறிவர்.

'உலகமே செய்யாததை நம்மிடம் கேட்பது ஏன்?' என்பது மூன்றாவது. உலகம் செய்யவில்லை என்பது மெய்யே. வெப்எய்ம் என்னும் அமைப்பு 2025இல் 10 இலட்சம் முகப்புப் பக்கங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 94.8 விழுக்காட்டில் கருவியாலேயே கண்டறியத்தக்க பிழைகள் இருந்தன. ஆனால் மிகுதியாகக் காணப்பட்டவை மங்கலான எழுத்து, விளக்கமற்ற படம், பெயரற்ற படிவக் கட்டம் போன்றவையே. பெருஞ்செலவு கேட்கும் பிழைகள் அல்ல இவை, கவனம் கேட்பவை.

திருச்சபையின் மேசை

மேற்கண்ட அளவுகோலைத் தமிழ்க் கிறிஸ்தவ வெளியீடுகளின்மேல் வைத்துப் பார்ப்பது இத்திறனாய்வின் இறுதிக் கடமை. தரங்கம்பாடியில் 1715ஆம் ஆண்டு தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்த நாள்முதல், எழுத்தைப் பரப்புவதைத் திருச்சபை தன் பணியாகவே கருதிவந்துள்ளது. இன்று ஆராதனை ஒழுங்கு புலனக் குழுக்களில் படமாக அனுப்பப்படுகிறது. கீர்த்தனைப் புத்தகங்கள் பக்கம் பக்கமாய் ஒளிநகல் எடுத்துத் தளங்களில் ஏற்றப்படுகின்றன. ஆய்வேடுகளும் சபை இதழ்களும் பழைய எழுத்துருவில் கோக்கப்பட்டு அவ்வாறே மின்கோப்பாகின்றன. பிரசங்கக் காணொளிகள் எழுத்துத் தொடரும் சைகையும் இன்றி வெளிவருகின்றன. இவை எங்கும் காணக்கூடிய வழக்கங்கள். பாளையங்கோட்டையில் எழுத்தைத் தொட்டு வாசிக்கக் கற்ற ஒருவர், அவ்வெழுத்தைக் கற்பித்த சபையின் இதழை இன்று திறந்தால் அவருக்கு அது முத்திரையிட்ட புத்தகம். தீர்க்கதரிசி சொன்ன புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவனாலும் வாசிக்க இயலவில்லை (ஏசாயா 29:11). குறை அவன் கல்வியில் இல்லை, முத்திரையில் இருந்தது.

இறையியல் உலகம் இதை எண்ணாமல் இல்லை. நான்சி ஐஸ்லண்ட் 1994இல் வெளியிட்ட நூல், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் காயமுற்ற உடலிலிருந்து உடற்குறையைப் பற்றிய இறையியலைத் தொடங்கிற்று. பார்வை இழந்த இறையியலாளர் ஜான் ஹல், வேதாகமம் பெரும்பாலும் பார்வையுடையோர் எழுதிய நூல் என்பதைச் சுட்டி அதைப் பார்வையற்றவராய் மீண்டும் வாசித்தார். நம் இறையியல் மாணவர் இவர்களைக் கற்கின்றனர். கற்பதோடு ஒரு வினாவும் சேரவேண்டும்: இந்நூல்களைப் பற்றி நாம் தமிழில் எழுதும் கட்டுரையைப் பார்வையற்ற மாணவர் தாமே வாசிக்க இயலுமா?

செய்யவேண்டியவை எளியவை. புதிதாக எழுதுவதை யூனிக்கோட்டில் எழுதுதல். தலைப்பைப் பெரிய எழுத்தாக மட்டும் காட்டாமல் தலைப்பு என்றே குறித்தல். படத்திற்கு ஒருவரி விளக்கம் சேர்த்தல். ஆராதனை ஒழுங்கைப் படத்தோடு எழுத்தாகவும் அனுப்புதல். பிரசங்கத்தின் எழுத்துப் படியைக் காணொளியோடு வைத்தல். பழைய கோப்புகளை மாற்றித்தரும் நிரல்கள் உள்ளன. மாற்றியதை ஒருவர் படித்துத் திருத்தவேண்டும். பதிப்புரிமையைக் காட்டித் தயங்கவும் இடமில்லை. உடற்குறை உடையோருக்கேற்ற வடிவில் நூலைப் படியெடுக்க 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் இடமளிக்கிறது. அச்சை வாசிக்க இயலாதோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடும் இந்தியாவே.

இவற்றைவிட முக்கியமானது வரிசை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பின்னர் உடற்குறை உடையோருக்காக ஏதேனும் சேர்ப்பது பாளையங்கோட்டையின் தொடக்கக் காலத்தில் இயன்ற உயர்ந்த செயலாயிருந்திருக்கலாம். ஆய்க்குடிக்குப் பின்னர் அது போதாது. தளம் அமைக்கும் குழுவிலும் இதழின் ஆசிரியர் குழுவிலும் பாடத்திட்டக் குழுவிலும் அவர்கள் தொடக்கத்திலேயே அமரவேண்டும். விருந்து முடிந்தபின் மிஞ்சியதைக் கொடுத்தனுப்புவதும், விருந்துக்கு அழைப்பதும் ஒன்றல்ல (லூக்கா 14:13).

அணுகுநெறிகள் குறையுடைய நூல். நம் மொழியின் தொல்லையை அது போதிய அளவு அறியவில்லை. செவித்திறன் அற்றோரையும் மெல்லக் கற்போரையும் உயரமான படியில் நிறுத்திவிட்டது. இ-சேவை மையத்தின் மேசைமுன் நிற்பவரை அது காணவில்லை. இக்குறைகளைச் சொல்வது அதைத் தள்ளுவதற்காக அன்று. அது கேட்கும் 86இல் முதற்சிலவற்றையேனும் நிறைவேற்றியவருக்கே அதன் போதாமையைப் பேசும் உரிமை உண்டு. எந்தச் சபையும் கல்லூரியும் தன் அடுத்த வெளியீட்டை இணையத்தில் ஏற்றுமுன் திரையை அணைத்துவிட்டு அதை ஒருமுறை செவியால் வாசித்துப் பார்க்கட்டும். கருவி இலவசம், அரை மணி நேரம் போதும். எந்த விதியிலிருந்து தொடங்குவது என்பதைக் காதில் விழுவதே சொல்லிவிடும்.